ஆறு துப்பாக்கி, ஒரு வெற்றுத் தோட்டா

காலை 5.52. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரத்தில் சந்தேகமில்லை. நடந்ததிலும் இல்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ராணுவ அருங்காட்சியகம் ஒன்றில் பழைய துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பது என் வேலை. அன்று பத்து மணிக்குப் புதிய கூடத்தின் திறப்பு விழா. அதனால் விடிவதற்கு முன்பே தச்சு வேலை செய்யும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் செய்த மரத் தாங்கியில் ஆறு துப்பாக்கிகள். தொண்ணூறு வருடங்களுக்கு முன், காவல் நேரத்தில் தூங்கினான் என்று ஒரு சிப்பாயைக் கம்பத்தில் கட்டிச் சுட்டவை.

அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆறில் ஒன்றில் மட்டும் அதிகாரி குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைப் போடுவார். எதில் என்று சொல்லமாட்டார். கொன்றது நானில்லை என்று ஆறு பேரும் நினைத்துக்கொள்ளலாம்.

நான்காவது துப்பாக்கியைப் பிடித்தவர் எங்கள் கொள்ளுத்தாத்தா.

விளக்க அட்டை எழுதுவதற்காக ஆறு குடும்பங்களையும் விசாரித்திருந்தேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். எங்களவர் சுட்டது வெற்றுத் தோட்டா.

அண்ணன் சிரித்தான். "ஆறும் வெத்துன்னா அந்த ஆளு என்ன, சத்தத்துக்கே செத்தானா?"

"நீயும் அதைத்தானே சொன்ன?"

"நம்ம கொள்ளுத்தாத்தா சொன்னது நிஜம்டா. அட்டையில அப்படியே போடு. என் பொண்ணு வந்து படிக்கணும்."

நான்காவதை எடுத்துத் தோளில் வைத்தான். எதிர்ச் சுவரைக் குறி பார்த்தான். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியை நானே கழற்றியிருந்தேன். அது சுடாது.

சரக்... சரக்...

சரளைக் கல்லில் நடக்கும் சத்தம். கூடத்தில் பளிங்குத் தரை.

"எதிர்ல யாருடா?"

சுவர்தான் இருந்தது.

"கண்ணக் கட்டலடா... என்னையே பாக்கறான்."

"கீழ வை."

"கை வரமாட்டேங்குது..."

வெடிச் சத்தம் இல்லை.

அண்ணன் பின்னால் தூக்கி எறியப்பட்டான்.

வெடிமருந்து வாசனை.

வலது தோளில் உள்ளங்கை அளவு நீலம். ராணுவ டாக்டர் அழுத்திப் பார்த்தார். "துப்பாக்கி உதைச்சிருக்கு. வெத்துத் தோட்டா இப்படி உதைக்காதே."

அப்படியானால் தான் சுட்டது நிஜத் தோட்டா என்று கொள்ளுத்தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும். அந்த நொடியே.

ஒரு வாரம் கழித்து, அருங்காட்சியகத்தின் பழைய பெட்டி ஒன்றின் அடியில், அன்று தோட்டா போட்ட அதிகாரி தன் மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. 'ஆறிலும் நிஜத் தோட்டாவே போட்டேன். அவன் தூங்கவில்லை. அது ஆறு பேருக்கும் தெரியும். ஒருவனும் வாய் திறக்கவில்லை.'

மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் போன் செய்தேன். இரண்டு மாதங்களுக்கு முன், படம் எடுப்பதற்காக அவரவர் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னவன் நான்தான். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

முதலில் படம் எடுத்துக்கொண்டவர் இறந்துவிட்டார். மாரடைப்பாம். மறுநாள் தோளில் வந்த நீலம் வாரம் ஒரு விரல் அகலம் நெஞ்சை நோக்கி இறங்கியது என்றார் அவர் மனைவி.

இதை அண்ணனிடம் மறைக்க முடியவில்லை.

இன்று காலை சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றான். நீலத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல்களை வைத்தான்.

"நாலுதான்டா கொள்ளுது. உன் விரல் ஒல்லிதானே... நீ வச்சுப் பாரேன், கூட ஒண்ணு வருதா?"