எலிவால் கள்ளியும் காலர் அக்காவும்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் காலர் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் காலர் மட்டுமே தைக்கிறாள். முனை கோணிய காலர் ஒன்றுகூட அவள் மிஷினிலிருந்து போனதில்லை.

இருந்தது அண்ணன் வீட்டில். கடைசி அறை அவளுடையது. கட்டிலையும் ஒரு பெட்டியையும் போட்டால் திரும்ப இடமிருக்காது. அந்த அறை ஜன்னலோரம், கூரையில் கொக்கி மாட்டி, ஒரு எலிவால் கள்ளியைத் தொங்கவிட்டிருந்தாள். விரல் தடிமனில், உடம்பெல்லாம் பொடிமுள்ளாக, வால் வாலாகத் தரையைப் பார்த்து இறங்கும் செடி. கம்பெனியில் பழைய மேனேஜர் தன் அறையைக் காலி செய்தபோது துணிக் கழிவோடு குப்பைக்குப் போன துண்டு அது. எடுத்துவந்து, வெட்டுவாய் காய ஒரு வாரம் விட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினாள். ஆறு வருடத்தில் பதின்மூன்று வால்கள், நீளமானது மூன்றடி. மண் நன்றாகக் காய்ந்தால் தண்ணீர், குளிர் மாதங்களில் அதுவும் பேருக்குத்தான்.

"இதுல என்னடி அழகு இருக்கு?" என்பாள் அண்ணி.

"எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணி."

அந்த வீட்டில் அவள் சொந்தமாகச் சொன்னது அநேகமாக அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் 'சரி'.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அன்று சாயங்காலமே அண்ணி அறை வாசலில் வந்து நின்றாள். "புதுசா வர்ற பொண்ணுக்கு ஒரு ரூம் வேணும்ல? நீ ஹால்ல படுத்துக்கோ. அந்த முள்ளுச் செடியைத் தூக்கிப் போட்டுடு, யாராவது குத்திக்கப் போறாங்க."

'சரி' நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"செடியைத் தூக்கிப் போட மாட்டேன். ஹாலுக்கும் போக மாட்டேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப எங்க போவ?"

மறுநாளே வீடு தேடக் கிளம்பினாள். தனியாள் என்றதும் நாலு வீட்டுக்காரர்கள் கதவைப் பாதி திறந்தபடியே பேசி அனுப்பினார்கள். ஐந்தாமவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கூட யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல. ஒரு செடி."

"நாய், பூனை?"

"செடி மட்டும்தான் சார்."

மாடியில் ஒற்றை அறை, காலை வெயில் விழும் ஜன்னல். அவளுக்கு அது போதும்.

பெட்டி வண்டியில் போனது. செடி வண்டியில் போனால் வால் மிஞ்சாது. பட்டன் தைக்கும் தோழி ஒட்டடைக் கம்போடு வந்தாள். கம்பின் நடுவில் தொட்டியை மாட்டி, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு, இருவரும் கடைத்தெரு நடுவே நடந்தார்கள். செருப்புக் கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "என்னம்மா அது, பாம்பா?"

"அண்ணன் வீட்டுச் சொத்துல என் பங்கு" என்றாள்.

தோழி சிரித்த சிரிப்பில் கம்பு ஆடியது. "சிரிக்காதடி, வால் ஒடிஞ்சிடும்" என்று அதட்டியவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வந்தார். நாற்காலி ஒன்றுதான், அதில் அவரை உட்காரவைத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இடம் மாறியதில் இரண்டு வால்கள் காய்ந்துபோயிருந்தன. அவர் கண் அங்கேதான் போனது.

"பார்த்தியா, அதுக்கே இடம் ஒத்துக்கல."

"ரெண்டுதான் போச்சு. பதினொண்ணு இருக்கு."

"வீட்டுக்கு வந்துடும்மா. தங்கச்சியைத் துரத்திட்டான்னு நாலு பேரு பேசுறாங்க."

"முப்பது வயசுல என்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்க. என் சம்பளம் இல்லாம வீடு நடக்காதுன்னு திருப்பி அனுப்பினியே, அப்ப அந்த நாலு பேரு என்ன பேசினாங்கண்ணா?"

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். குரல் இறங்கியிருந்தது. "கல்யாணத்துக்காவது வருவியா?"

"வராம? என் மருமகன் கல்யாணமாச்சே. வந்துட்டு இங்க திரும்பிடுவேன்."

சொன்னபடியே போனாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள், வயிறாரச் சாப்பிட்டாள். "இன்னிக்கு ஒருநாளாவது தங்கிட்டுப் போயேன்" என்று அண்ணி கையைப் பிடித்தாள். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, மணப்பெண்ணிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்: "அந்த ரூம் இனி உன்னோடது. யாரு கேட்டாலும் விட்டுக்கொடுக்காதே."