சொல்லிவிட்டுச் சாகாத ரூட்டர்

மத்தியான வெயிலில் தங்கை வாசலில் வந்து நின்றதும், தையற்காரி அக்காவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. வேலை நேரத்தில் வீடு திரும்புகிறவள் இல்லை அவள்.

ஒல்லிக்குச்சியாகப் பிறந்ததால் தங்கைக்கு வீட்டில் 'துரும்பு' என்று பெயர். கொடியில் துணி போடுவதற்கு முன், கயிறு தாங்குமா என்று தொங்கிப் பார்க்கிற பிள்ளை. இன்று கைப்பேசி நிறுவனத்தில் பொறியாளர். ஊர் பேசுகிற பேச்செல்லாம் அவள் பார்த்துக்கொள்ளும் ரூட்டர் வழியாகத்தான் போகிறது என்று, பொத்தான் தைக்க வருகிறவர்களிடம்கூட அக்கா சொல்லிவிடுவாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலைதான் போயிடும்போல. நேத்து ஊர் பூரா போன் கட்டாச்சுல்ல? அது என் தப்பாம். நாளைக்குக் கூட்டத்துல பதில் சொல்லணும்."

துரும்பு விவரம் சொன்னாள். ரூட்டர்கள் இரண்டு. ஒன்று உழைக்கும், மற்றது காத்திருக்கும். முதலாவது படுத்தால் இரண்டாவது சுமையை ஏற்க வேண்டும். நேற்று முதலாவதிலிருந்து வெளியே போகும் கேபிள்தான் கெட்டது. ரூட்டருக்கு உயிர் இருந்தது. 'நான் நல்லா இருக்கேன்' என்று பக்கத்து ரூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நம்பி இரண்டாவது சும்மா இருந்தது. பேச்செல்லாம் முட்டுச்சந்தில் போய் விழுந்தது.

"மாசாமாசம் சோதனைன்னு போவியே, அது எதுக்கு?"

"அதைக் கேளு. மேலாளர் முதல் ரூட்டரை முறையா நிறுத்தச் சொல்வாரு. அது, 'நான் கெளம்பறேன், நீ பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டு அணையும். எல்லாரும் கை தட்டுவாங்க. எந்த ரூட்டர் அக்கா சொல்லிட்டுச் சாகும்? வெளிக் கேபிளைப் பிடுங்கிப் பாக்கலாம் சார்னு ரெண்டு தடவ கேட்டேன். 'ஓடுற வண்டில கைய விடாதே'ன்னாரு. இப்ப, சோதனை என் பொறுப்பாம்."

அக்காவுக்கு உச்சந்தலை சுட்டது. "தடுத்தது அவன், தண்டனை உனக்கா? நல்ல நியாயம்! நான் வரேன் நாளைக்கு, கத்தரியோட."

"நீ வேற! கத்தரி வேணாம், கேபிளே போதும்."

மறுநாள் அக்கா ஒரே தையலை மூன்று முறை பிரித்தாள். சாயங்காலம் துரும்பு வந்ததும் பாவாடைத் துணியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

"என்னாச்சு, சொல்லித் தொலை."

கூட்டத்தில் நடந்ததைத் துரும்பு சொன்னாள். அலுவலகச் சோதனை அறையில் அதே மாதிரி ஒரு ஜோடி ரூட்டர் உண்டு. அதன் வழியாக, பக்கத்து அறையில் இருந்த நிறுவன இயக்குநர் அம்மாவோடு மேலாளரைப் பேசச் சொன்னாள் துரும்பு. "பாருங்க மேடம், எல்லாம் ஒழுங்காத்தான்..." என்று அவர் தொடங்கும்போது கேபிளைப் பிடுங்கினாள். பேச்சு அறுந்தது. பிறகு, வெளிக் கேபிள் கெட்டால் வேலையை இரண்டாவதற்கு விட்டுக்கொடு என்று முதல் ரூட்டருக்குக் கட்டளை எழுதினாள். கேபிளைச் செருகி மறுபடி பேசச் சொன்னாள், மறுபடி பிடுங்கினாள். இந்த முறை பேச்சு அறுபடவில்லை.

"அந்தம்மா, 'இதை ஏன் முன்னாடியே பாக்கல?'ன்னு அவரைத்தான் கேட்டாங்க. அவரு கூரையப் பாத்தாரு."

"வேலை?"

"இருக்கு."

"உன்கிட்ட மன்னிப்பு கேட்டானா?"

"இல்லக்கா. 'நம்ம டீம் நல்லா வேலை செஞ்சுது'ன்னாரு."

"நம்ம டீமா!" அக்கா கத்தரியை மேசைமேல் அறைந்தாள். "ஒரு நாள் சட்டை தைக்க என்கிட்ட வராமலா போவான்? காலரை முதுகுல வெச்சுத் தரேன். கழுத்து பின்னால சாஞ்சு கூரையவே பாத்துட்டு நடக்கட்டும்!"