இடைவேளை இல்லாத படம்

நான் படப் பைத்தியம் இல்லை. கொழும்பில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பெண்களும் ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குக் கிளம்பினால் நானும் போவேன், அவ்வளவுதான். திரும்பி வரும்போது அபிப்பிராயம் கேட்பார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வேன். இப்போது வருகிற விண்வெளிப் படங்களில் யார் எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடுவதில்லை. நரைத்த தலையோடு இருப்பவரை மகன் என்கிறார்கள், மீசை முளைக்காதவனை அப்பா என்கிறார்கள். பறக்கிற வீரர்களின் படம் என்றால் இன்னும் மோசம். போன படத்தில் செத்துப்போய், நானும் அழுது மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, இந்தப் படத்தில் வேறோர் உலகத்திலிருந்து அதே ஆள் அதே முகத்தோடு வந்து நிற்கிறான். அப்படியென்றால் நான் அழுதது யாருக்காக?

பேய்ப் படங்களில் மட்டும் அவர்களோடு எனக்குச் சண்டை வரும். சுவரில் வெடிப்பு விழுகிறது, குழாயில் தண்ணீர் நிறம் மாறி வருகிறது, கதவு தானாக ஆடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு அந்தக் குடும்பம் வெளியே ஓடாமல் மேசையில் உட்கார்ந்து ஏன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று இரண்டு பேரும் திரையைப் பார்த்துத் திட்டுவார்கள். எனக்கு அந்த ஒரு இடத்தில்தான் குழப்பமே வராது. வீடு சரியில்லை என்று சொன்னாலும் ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

நான் முதன்முதலாகப் பார்த்த படம் அதற்குக் காரணமாக இருக்கலாம். அதன் பெயர் எனக்குத் தெரியாது. விண்கப்பலும், கொங்காணி போட்ட வீரனும், பேயும் ஒரே கதையில் வந்த படம் அது. எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். எங்கள் லயத்து ஆட்களைத் தவிர அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அதிலும் உச்சியில் இருந்தது மேட்டு லயம். ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. கடைசிக் காம்பரா எங்களுடையது. அதற்குப் பின்னால் மலைதான். அப்போது நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ஹட்டன் டவுனில் சீடிக் கடையில் வேலை. கடைக்கு வருகிற இங்கிலீஷ் படங்களுக்குக் கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே உலகத்தில் உள்ள கதைகள் எல்லாம் அவருக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். உருப்படியாக ஒன்றும் தெரியாது என்று அப்பா நம்பினார்.

அந்தக் கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலையில் முகம் கழுவப் போனபோது மலை ஊற்றைக் கொண்டுவரும் பீலியிலிருந்து விழுந்த தண்ணீர் சிவந்து கலங்கியிருந்தது. எனக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

“மாமா, பீலியில பிளேன்டீ வருது!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மாமா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறிப் போனார். முழங்கால் வரை சேற்றோடு இறங்கி வந்து, வாசலில் நின்று அப்பாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அப்பா மெதுவாகப் பதில் சொல்லவில்லை.

“போன வருசமும் இதத்தானடா சொன்னாங்க. புள்ளகுட்டிய தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துல போயி படுத்தோம். என்னா ஆச்சு? மல விழுகல. என் சேவலத்தான் எவனோ தூக்கிட்டுப் போனான்.”

சத்தம் கேட்டு லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

“இந்த தடவ வெடிப்புக்குள்ள என் கை போகுதுங்க மச்சான்,” என்றார் மாமா.

“கைய வெளிய எடுத்து கழுவிட்டு சோத்த தின்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் அந்தச் சேவலின் கதையைத்தான் திருப்பிச் சொன்னார்கள். பிறகு மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அம்மா வருத்தப்பட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற புரொஜெக்டரை, கடை முதலாளியிடம் எப்படியோ கெஞ்சி வாங்கி, பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். “பிள்ளைக் காம்பராவுல படம்! ஓசிப் படம்!” என்று லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூவினார். பிள்ளைக் காம்பரா கீழே, தொழிற்சாலைப் பக்கம் இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பெரிய அறை. மலைக்காக ஓரடி நகராதவர்கள் படத்துக்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

அடுத்த காம்பரா தாத்தாவைக்கூட மாமா விடவில்லை. அவர் படுக்கையிலேயே கிடப்பவர், பார்வையும் போய்விட்டது. அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“கண்ணு தெரியாத மனுசனுக்கு எதுக்குடா படம்?” என்றார் அப்பா.

“காதால கேக்கட்டுங்க மச்சான்.”

படம் தொடங்கியது. சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் ஒரு விண்கப்பல் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. மாமா பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னார். அது முடியப்போகிற நேரத்தில் சட்டென்று வேறு ஒருவன் வந்து வானத்தில் பறந்தான். மாமா சீடியை மாற்றியதை நான் பார்க்கவில்லை. பறந்தவனுடைய முதுகில் சிவப்புத் துணி தொங்கியது. மழையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்கிற கொங்காணிதான் அது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

“இவன் எந்தத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறான்?” என்று கேட்டாள் அத்தை, அப்பாவின் தங்கை. “கப்பல்ல போனவனுக்கு இவன் என்னா மொற?”

“அண்ணன் மகன்,” என்றார் மாமா.

“அவனுக்கு கூடப்பொறந்தவங்களே இல்லன்னு இப்பதான சொன்ன?”

“அவருக்கே இப்பதான் தெரிய வந்துச்சுக்கா.”

அதற்குமேல் லயமே இரண்டு கட்சியாகிவிட்டது. சித்தப்பா முறை என்றது ஒரு கட்சி, தாய்மாமன் முறை என்றது இன்னொன்று. எனக்குத் தலை சுற்றியது. மாமாவோ திரையைப் பார்க்காமல் அடிக்கடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள். “இடைவேளை எப்படா? போயி ரொட்டி சுடணும்.”

“இங்கிலீஷ் படத்துல இடைவேளை கெடையாதுக்கா. உக்காரு.”

எனக்கும் போகவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் காலில் போடுகிற என் புதுச் சப்பாத்து மழையில் நனைந்து, அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கருகிவிடுமோ என்று பயம். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியதும் மாமா என் கையைப் பிடித்து இழுத்து, “உக்காருன்னா உக்காரு!” என்று கத்தினார். அதுவரை அவர் என்னை அதட்டியதே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சப்பாத்தைக்கூடப் பார்க்க விடாத அவரை அந்த நிமிடம் வெறுத்தேன்.

கடைசியில் அப்பாவே பாயைச் சுருட்டினார். “தலையும் இல்ல வாலும் இல்ல. வாங்க போவோம்.” அவர் பின்னால் பாதிப் பேர் எழுந்தார்கள். மாமா ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார்.

“கிளைமாக்ஸ் வரப்போகுதுங்க மச்சான். இன்னுங் கொஞ்ச நேரம். ஒங்க கால்ல வேணுன்னாலும் விழுறேன்.”

சொன்னபடியே விழுந்தார். ஒரு படத்துக்காகக் காலில் விழுகிறவனை எங்கள் தோட்டம் அதற்குமுன் கண்டதில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா கூச்சத்தில் நெளிந்து, திரும்பப் பாயை விரித்தார்.

அப்போது கரண்ட் போனது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. “படம் நின்னாலும் கதை நிக்காது,” என்று மாமா இருட்டிலேயே தொடர்ந்தார். கொங்காணிக்காரனுடைய அம்மா செத்துப் பேயாகிவிட்டாளாம். தினமும் வீட்டுக் கதவைத் தட்டி, “வெளிய வாங்க, வெளிய வாங்க” என்று கெஞ்சுகிறாளாம். உள்ளே இருக்கிறவர்கள் பேய் என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்களாம். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. நல்ல நடிகர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பேயை நான் கண்ணால் பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

“அவ கடைசியா ஒரு தடவ தட்டுறா,” என்றார் மாமா.

மேலே, பெரிய லொறியிலிருந்து கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம் எழுந்தது. அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. தரை ஆடியது. பிள்ளைகள் எல்லாம் பேய் என்று அலறினோம். பெரியவர்கள் மலைப் பக்கம் திரும்பினார்கள். அப்பா வாசலுக்குப் போனார். இந்த முறை மாமா மறிக்கவில்லை.

மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் லயத்தில் எங்கள் கோடியில் இருந்த காம்பராக்களைக் காணவில்லை என்றார்கள். எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் வேரோடு வந்து நிற்கின்றனவாம்.

“முன்னுக்கே சொல்லியிருந்தா டிவியவாச்சும் தூக்கியிருப்பேனேடா,” என்று அப்பா மாமாவிடம் சீறினார். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டதைப் போல நின்றார். மாமாவின் சேறு பிடித்த கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அப்பா ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

குப்பி விளக்கு ஏற்றியிருந்தார்கள். மாமா தொட்டில் கயிறுகளுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கோபம் தீரவில்லை, கதையும் முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“கடைசில என்னா ஆச்சு மாமா?”

அவர் அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்தார், பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“யாரும் சாகல பாப்பா. எல்லாரும் பொழச்சிக்கிட்டாங்க,” என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. அவ்வளவு நேரம் எழும்ப விடாமல் வைத்திருந்து, சப்பாத்தையும் பறிகொடுக்க வைத்து, கடைசியில் ஒருவர்கூடச் சாகாத பேய்ப் படத்தையா காட்டியிருக்கிறார்?

“அப்ப இது நல்ல படமே இல்ல மாமா,” என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.