இரண்டாவது கையொப்பம்

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பேன். அந்தப் பழக்கத்தால் காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கை நெசவாளி ஒருவர் பலர் முன்னால் திருடன்போல் நிற்க வேண்டிவந்தது.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் நெசவாளர் குழுவில் புடவைகளைச் சரிபார்க்கிறேன். ஒவ்வொரு புடவைக்கும் நெய்தவர் பெயரோடு பிளாக்செயின் என்ற பொது டிஜிட்டல் பதிவேட்டில் ஒரு பதிவு உண்டு. ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி என்ற ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்றை வைத்து என் மருமகள்தான் அதற்கான புரோகிராமை எழுதினாள். விவரங்களை அடித்து ஓட்டினால், என் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பிவிடும்.

"அனுப்பியாச்சுன்னு வந்தா கைய எடுத்துடுங்க மாமா. உறுதியாவக் கொஞ்ச நேரம் ஆவும்."

அந்த ஓரிக்கை நெசவாளியின் புடவையை அனுப்பிய அன்று வெகுநேரம் உறுதியாகவில்லை. கூடத்தை ஏழு சுற்றுச் சுற்றினேன். பிறகு மறுபடியும் ஓட்டினேன். மறுநாள் பார்த்தால் ஒரே புடவைக்கு இரண்டு பதிவுகள், இரண்டிலும் என் கையொப்பம். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் புடவையை வாங்கிய கடைக்காரர் கவனித்தார். புடவையோடு எங்கள் குழு அலுவலகத்துக்கு வந்து, நெசவாளியையும் வரவழைத்தார்.

"ரெண்டு பதிவு இருக்குது. இன்னொரு புடவைய எவனுக்குப்பா வித்த?"

"ஒண்ணுதாங்க நெய்ஞ்சேன். பீரோவுல அது குட்டி போட்டுச்சா என்னா?"

எல்லோரும் சிரித்தார்கள், கடைக்காரரைத் தவிர. "இனிமே உன் சரக்கே எனக்கு வாணாம்பா."

நான் வாய் திறந்தேன். "புரோகிராம்ல ஏதோ கோளாறு."

மருமகள் என்னைப் பார்த்தாள். நெசவாளிதான் அவளிடம், "பரவால்லமா, மெஷின்னா அப்படித்தான்" என்றார். கடைக்காரர் நம்பாமல், புடவையை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார்.

"ரெண்டாவது தப்புன்னு இன்னொரு பதிவு அனுப்பலாம் மாமா," என்றாள் மருமகள். "காரணம்னு ஓர் இடம் இருக்குது. என்னா போடட்டும்?"

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். 'புடவை ஒன்றே. பொறுமையின்றி இருமுறை அனுப்பியவன் நான். புரோகிராமில் பிழை இல்லை.' அடித்ததை உரக்கப் படித்துவிட்டு அனுப்பினேன். இந்த முறை உடனே ஏறியது.

கடைக்காரர் வாசலில் நின்று போனில் பார்த்தார். திரும்பி வந்து புடவையை எடுத்துக்கொண்டார். நெசவாளி அவரைப் பார்க்கவே இல்லை.

"நான் நின்னுகினே இருந்தேனே சார்," என்றார் என்னிடம். "அப்பவே சொல்றதுக்கு என்னா?"