அடக்கமான பிள்ளை

பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீடு முடிந்த கையோடு என் மகள் வாயை மூடிவிட்டாள். அதுவரை அவள் பேச்சுக்குக் காது கொடுத்து நாங்கள் களைத்துப்போவோம். பாதி தமிழ், பாதி பலெர்மோ இத்தாலியன், நடுவில் மூச்சு விடுகிற வழக்கமே இல்லை. இப்போது பள்ளிக்கூடத்தால் வந்தாள், சாப்பிட்டாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் மெச்சினார்கள். பெரிய பிள்ளையானதும் அடக்கம் வந்துவிட்டது, நல்ல வளர்ப்பு என்றார்கள். எனக்கும் பெருமைதான். காலையில் வயிற்றுக்குத்து என்று அவள் சுருண்டு படுத்தபோது, சாமத்திய வீடு நடந்த ஹோலில் அத்தனை சனம் பார்த்தது, நாவூறாகத்தான் இருக்கும் என்று என் சிநேகிதி சொன்னாள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு நெருப்புப்பெட்டி அளவு. மேல்வீட்டுக்காரி இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டினாள். வயிற்றுக்குத்து மட்டும் மாறவில்லை.

பிறகுதான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வகுப்பாசிரியை என்னையும் மகளையும் இருத்தி வைத்து, மிகவும் பதமாக ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறீர்களா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெரியவளானால் பட்டும் நகையும் போட்டுக் கொண்டாடுவோம், மாப்பிள்ளை கிடையாது, சாப்பாடு மட்டும்தான் என்று விளக்கினேன். ஆசிரியையும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிற பிள்ளை இப்படியா இருக்கும்? பயந்துபோய் இருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கல்யாணக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வகுப்பில் எல்லோரும் கதைக்கிறார்கள் என்றார் ஆசிரியை.

திரும்பி வரும் வழியில், வியா மக்வேதா தெருவில் வைத்து போனைக் கேட்டேன். தரமாட்டேன் என்றவள், ஒரு செருப்புக்கடை வாசலில் நின்று தானே திறந்து நீட்டினாள். ஆசிரியர்கள் இல்லாத வகுப்பு வாட்ஸ்அப் குழு அது. அதில் என் பிள்ளையின் முகம் ஸ்டிக்கராகியிருந்தது. நெற்றிச்சுட்டி, பூமாலை, கீழே ‘ஸ்போசா’, அதாவது மணப்பெண். யாராவது வீட்டுப்பாடம் கேட்டால்கூட பதிலுக்கு அதைத்தான் அனுப்பியிருந்தார்கள். காலையில் இவள் வகுப்புக்குள் நுழைந்தால் கல்யாண ஊர்வல இசையை வாயால் ஊதுவார்களாம். தொடங்கியவன் ஒருவன், மற்றவர்கள் கூடச் சேர்ந்து சிரிக்கிறவர்கள். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள் மகள். படிப்பில் அவ்வளவு ஆசை உள்ள பிள்ளை.

அந்தப் பெடியனின் வீடு போர்கோ வெக்கியோவில் என்றாள். இப்போதே போய் அவன் தாயை நாலு கேள்வி கேட்கிறேன் என்று திரும்பினேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, முதல்ல நீங்கள் போட்ட வீடியோவை எடுங்கோ. அதில இருந்துதான் அவன் படம் எடுத்தவன்.”

அவளைக் கேட்காமல், யாரும் பார்க்கட்டும் என்று நான் ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோ. அந்த இடத்திலேயே எடுத்துவிட்டேன். அன்று பின்னேரமே கனடாவிலிருந்து மச்சாள் அழைத்து, யாரோடு கோபம், ஏன் வீடியோவைக் காணவில்லை என்று துருவினாள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது.

கணவர் பேசாமல் விடுவோம் என்றார். பிறத்தியாரின் நாடு, பெர்மெசோ புதுப்பிக்க வேண்டும், ஏன் வீண் வம்பு என்றார். தும்மினாலும் வதிவிட அனுமதி போய்விடும் என்று பயப்படுகிற மனிதர். பெர்மெசோவுக்கும் ஸ்டிக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மகள் எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. யார் எப்போது அனுப்பியது என்று தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசிரியையிடம் கொண்டுபோனேன்.

அவர் அந்தப் பெடியனையும் தாயையும் கூப்பிட்டார், நானும் மகளும் போனோம். தாய், பிள்ளைகளின் பகிடிதானே என்றாள். சிஞ்ஞோராக்கள் என்று கூப்பிடும் எசமானிமாரின் வீடுகளில் நிலம் துடைத்துக்கொண்டே பழகிய இத்தாலியன் அன்று எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. பகிடி என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும், என் பிள்ளை சிரித்தாளா என்று உங்கள் மகனைக் கேளுங்கள் என்றேன். அவள் கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். தாய் அவன் போனை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள். நல்ல மனுசிதான்.

ஆசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. மகள் வகுப்பின் முன்னால் நின்று இந்தக் கொண்டாட்டத்தைப் பற்றி விளக்கினால் பிள்ளைகளுக்குப் புரியுமே என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பலகாரம் சுட்டுக் கொண்டுபோவது வரைக்கும் யோசித்துவிட்டேன். மகள் தலையை நிமிர்த்தினாள். ஆசிரியைக்கு இத்தாலியனில் சொன்னதை, என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள்.

“நான் ஏன் விளங்கப்படுத்த வேணும்? பிழை செய்தது நான் இல்லை. ஏன் செய்தவை எண்டு அவையள் சொல்லட்டும்.”

எனக்கு அவளை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆசிரியை சரி என்றார். வகுப்பின் முன்னால் எழுந்து பதில் சொன்னவர்கள் அந்தப் பெடியனும் கூடச் சிரித்தவர்களும்தான். ஸ்டிக்கரையும் ஆசிரியைக்கு முன்னாலேயே அழித்தார்கள். ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பிறகும் ஒரு படம் வந்தது. அன்றைக்கே கொண்டுவந்து காட்டினாள், அதையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தோம். வயிற்றுக்குத்து மிளகாய் இல்லாமலே மாறிவிட்டது.

போன கிழமை சிநேகிதி வந்திருந்தாள். உள்ளே மகள் யாரோ கூட்டாளியோடு போனில் சுவர் அதிர வாதாடிக்கொண்டிருந்தாள். சிநேகிதி முகத்தைச் சுளித்தாள். எவ்வளவு அடக்கமாய் இருந்த பிள்ளை, இப்போது என்ன இந்த வாய் என்றாள்.

நான் தேத்தண்ணியை அவளிடம் நீட்டினேன்.

“ஓம், இப்பதான் வாய் திரும்பி வந்திருக்குது.”