இறுகிப்போன புட்டி

ஈப்போ பட்டறையில் மனைவியின் காரில் நசுங்கிய பள்ளத்தை நிரப்பப் புட்டி பூசினார்கள். இடித்தவன் நான். அவள் வேலை முடிந்து வருவதற்குள் இறுகவேண்டும்.

"சீக்கிரம் இறுக ஹார்ட்னரைக் கூட்டுங்க தம்பி. வண்டிய வெயில்ல தள்ளிரலாம்," என்றேன் பட்டறைக்காரரிடம்.

"சூடும் ஹார்ட்னரும் சேந்தா அது நமக்காக காத்திருக்காதுண்ணே."

புட்டியின் நெடி மூக்கில் ஏறியதும் நினைவில் தாப்பா பக்கத்தில் சிறுவயதில் நாங்கள் இருந்த தோட்ட லயத்துக்குப் போய்விட்டேன். மாமாவின் மோட்டார்சைக்கிளை இரவல் வாங்கிய அப்பா, அதன் டேங்கை நசுக்கிக்கொண்டு வந்திருந்தார். மாமா வருவதற்குள் மறைக்கவேண்டும். உச்சி வெயிலில் உட்கார்ந்து, ஹார்ட்னரை முழுக்கப் பிதுக்கி, அம்மாவின் தட்டில் கலக்கினார். எடுத்துப் பூசுவதற்குள் புட்டி சூடாகிக் கல்லாகிவிட்டது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

"தட்டுக்குக் கைப்பிடி வச்சிட்டீங்களே," என்று அம்மா சிரித்தாள். மாமா வந்ததும், "நாந்தாண்ணே வண்டியத் தள்ளிவிட்டுட்டேன்," என்றாள். மாமாவுக்குத் தங்கச்சியைத் திட்ட வாய் வராது.

பட்டறையிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மா, காரை இடிச்சது நீன்னு மருமககிட்ட சொல்லிடும்மா."

"எனக்கு லைசென்ஸே இல்லடா." கொஞ்சம் யோசித்தாள். "சரி, அவ வந்ததும் போனை குடுலா."