தயிர்ச்சோற்றையும் சூடு பண்ணச் சொன்ன ஜடையன்

கன்னடச் சீமையில், தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் வாழைத்தார் மண்டி ஜடையன் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். ஹனூரிலிருந்து வெறுங்கையோடு வந்து, தார் சுமந்து, சொந்த மண்டி போட்ட ஆள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் காயைத் தொட்டாலே என்றைக்குப் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அவர் கைக்கு எட்டாதது ஒன்றுதான். மருமகள் வைஷாலிக்கு இரண்டு பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தங்காமல் போயின. ஆயத்த ஆடை ஆலையில் நாள் முழுக்க நின்றபடியே இஸ்திரி போடுகிறவள் அவள். மூன்றாவது தரித்த சமயத்தில் கொரோனா வந்து ஆலையைப் பூட்டியது. ஊரே நடுங்க, ஜடையன் மீசையைத் தடவினார்.

"இந்தத் தடவ மாசம் நெறஞ்சுதான் புள்ள வரும். நான் இருக்கறேன்ல."

வைஷாலிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. ஊரடங்கு தளர்ந்ததும் வைஷாலியின் அம்மா பாப்பாயி, வழக்கப்படி ஐந்து வகைக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக ஹனூரிலிருந்து வேனில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு வேன் சனம். ஜடையன் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே நின்றார்.

"ஏனுங்கண்ணா, பெத்த புள்ளயப் பாக்க உங்ககிட்டச் சீட்டு வாங்கோணுமா?"

"அங்கிருந்தே கண்ணு நெறையப் பாருங்க. உள்ள வரப்படாது. புள்ளயும் அந்தக் குண்டுங்குழி ரோட்டுல வராது. ஆசுபத்திரி இங்க பக்கத்துலயே இருக்குது."

"கட்டுச்சோத்தத் திருப்பி அனுப்புனா ஆகாதுங்க!" பாப்பாயிக்குக் குரல் உடைந்தது.

"திருப்பி அனுப்பறேன்னு யாரு சொன்னது? கூடைய வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க."

கூடையை எடுத்துப்போய் மனைவி தேவம்மாவிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் சூடு பண்ணு. கிருமி சாகோணும்."

"தயிர்சோத்தையுமா?"

"அதையுந்தான்!"

முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரிந்துபோன தயிர்ச்சோற்றை முகம் சுளித்தபடி தின்றாள் வைஷாலி. தெருவில் நின்ற பாப்பாயி அழுதுகொண்டே சிரித்தாள். வேன் வைஷாலி இல்லாமல்தான் திரும்பியது.

அடுத்த மாதம் ஆலை திறந்து, வைஷாலியை வேலைக்குக் கூப்பிட மேற்பார்வையாளர் போன் போட்டார். ஜடையனே எடுத்து, வரமாட்டாள் என்பதை "பரல்லா" என்று கன்னடத்தில் ஒரே சொல்லில் முடித்தார்.

பத்தாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. தொடை கொழுகொழுவென்றிருந்தது. இந்த வருஷம் தங்கள் வார்டில் மாசம் நிறையாத பிரசவம் குறைவுதான் என்றார் டாக்டரம்மா. வேறு சில இடங்களில் கூடியிருக்கிறதாம். ஓய்வா, கூட்டமில்லாததா, காரணம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் ஜடையன். "கேட்டப் பூட்டுனது நானு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மாமா, அசையாம உக்காந்திருந்தது நானுங்க. அந்தத் தயிர்சோத்தத் தின்னதும் நானுங்க."

ஜடையன் வெளியே வந்து பாப்பாயிக்குப் போன் போட்டார்.

"கெளம்பி வாங்க தங்கச்சி. கேட்டு தொறந்திருக்குது."